பழைய கணினியின் ஆயுளை யார் முடிவு செய்வது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. முந்தைய நாள் ஓடிய மேசைக் கணினிகள் மறுநாளும் அதே வேகத்தில் ஓடின. எந்த உறுப்பும் பழுதாகவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அவற்றுக்கு இனி வழக்கம்போல் வந்து சேராது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை அதற்குத் தகுதியற்றவை என்று அந்நிறுவனமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. இப்படி ஒதுக்கப்படக்கூடிய கணினிகள் உலகெங்கும் 24 கோடி இருக்கலாம் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது.

பழைய கணினியில் புதிய இயங்குதளம் ஏறுமா, ஏற்றினால் பயன் உண்டா என்ற கேள்விக்கு முப்பது வயதாவது இருக்கும். உறுப்புகளைக் கூட்டு, புதியது வாங்கு, தடையை மீறி ஏற்று, வேறு இயங்குதளத்துக்குப் போ, இருப்பதிலேயே இரு என்று விடைகளும் பல. அவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் நெருக்கடியில் பிறந்தவை. இந்தக் கட்டுரை அவற்றை அந்தப் பின்னணியோடு வைத்துப் பார்க்கிறது. என் கருத்தில், கேள்வியின் அடித்தளமே நடுவில் மாறிவிட்டது. 1990களில் கணினியின் திறன் போதாமல் இருந்தது. இன்றோ திறன் இருந்தும், தயாரிப்பாளர் தரும் பராமரிப்பு உறுதி தீர்ந்துவிடுகிறது. முதல் குறைக்குச் சொன்ன மருந்தை இரண்டாவதற்கும் கொடுப்பதால்தான் இந்த விவாதத்தில் இவ்வளவு குழப்பம்.

நினைவகம் போதாத காலம்

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபோது அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தேவை 386 ப்ராசசரும் 4 எம்பி ராமும். 4 எம்பியில் அது எழுந்து நிற்கும், அவ்வளவுதான். இரண்டு மென்பொருளைச் சேர்த்துத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் உறுமும். 8 எம்பி இருந்தால்தான் வேலை நடக்கும். ராம் விலை எட்டாத உயரத்தில் இருந்த அந்த நேரத்தில் சிங்க்ரோனிஸ் என்ற நிறுவனம் 'சாஃப்ட்ராம் 95' என்றொரு மென்பொருளை விற்றது. கணினியைத் திறக்காமலே ராமை இரட்டிப்பாக்கும் என்பது அதன் விளம்பரம். நிரலைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், சொன்ன சுருக்க வேலை எதையும் அது செய்யவில்லை என்று காட்டினார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டது. அதற்குள் லட்சக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கியிருந்தனர். பழைய கணினியைக் காப்பாற்றும் ஆசை எவ்வளவு ஆழமானது என்பதற்கு அந்த விற்பனையே சான்று.

அதே 1995 பிப்ரவரியில் பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த், மென்பொருள் தேவையில்லாமல் பருத்துக்கொண்டே போகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருளின் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருளின் வேகம் குறைகிறது என்ற அவருடைய வாதம் 'விர்த் விதி' என்றே பெயர் பெற்றது. 'கணினி நிறுவனங்கள் வேண்டுமென்றே பழையதை வீழ்த்துகின்றன' என்ற பொதுக் கருத்துக்கு இன்றுவரை பக்கபலமாக நிற்பது இந்த வாதம்தான்.

ஆனால் பிற்கால வரலாறு அதை முழுதாக ஆதரிக்கவில்லை. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஹோம் பிரீமியம் பதிப்பு 1 ஜிபி ராம் கேட்டது. விண்டோஸ் 7, 8, 10 ஆகியவற்றின் 32-பிட் பதிப்புகள் கேட்டதும் அதே 1 ஜிபிதான். காகிதத்தில் இருந்த தேவை ஏறத்தாழ 14 ஆண்டுகள் அசையவில்லை. பருத்தது இயங்குதளத்தைவிட அதன்மேல் ஓடும் இணைய உலாவியும் அதில் திறக்கும் தளங்களும் என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். விர்த் சுட்டிய நோய் உண்டு, ஆனால் அது இருக்கும் இடம் மாறிவிட்டது.

விஸ்டா காலத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. புதிய கணினிகளில் 'விஸ்டாவுக்கு ஏற்றது' என்று ஒட்டுத்தாள் ஒட்டி விற்றார்கள். அவற்றில் பல, அடிப்படைப் பதிப்பை மட்டுமே ஓட்டும் வலுவுள்ளவை; விளம்பரத்தில் மின்னிய கண்ணாடித் திரைத் தோற்றம் அவற்றில் வராது. அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2008இல் கூட்டு வழக்காக ஏற்கப்பட்டு, 2009இல் அந்தத் தகுதியை இழந்தது. சட்டத்தில் அது தோற்றாலும், 'குறைந்தபட்சத் தேவை' என்ற சொல்லைத் தயாரிப்பாளர் தம் விற்பனைக்கேற்ப வளைக்க முடியும் என்பது பொதுவெளிக்கு வந்தது.

உறுப்பு மாற்றும் வழி

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் கணினி பழுதுபார்ப்புக் கடைகளிலும் முதலில் சொல்லப்படும் விடை இதுதான்: எஸ்எஸ்டி போடுங்கள், ராமை எட்டு ஜிபி ஆக்குங்கள். இதன் பலம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்று வர 8.3 மில்லிவினாடி ஆகும். தேடும் தரவு, படிக்கும் தலைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல் காத்திருக்க வேண்டும். தலை தடம் மாறி நகர இன்னும் 8 அல்லது 9 மில்லிவினாடி. ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய கோப்புகளை அது வினாடிக்கு நூறுக்குள்தான் எடுத்துத்தர முடியும். இன்றைய இயங்குதளம் தொடங்கும்போது செய்வதெல்லாம் இப்படிச் சிதறிய சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் கேட்பதுதான். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இதே வேலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. 'கணினி மெதுவாகிவிட்டது' என்ற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரே உறுப்பின் புகார்.

எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டை எடுத்துக்கொள்வோம். 2011 தொடங்கி இந்தியச் சந்தையில் மிகுதியாக விற்ற பலகை அது. ராமுக்கு இரண்டு இடங்கள், அதிகபட்சம் 16 ஜிபி, டிடிஆர்3 வகை. சாட்டா இணைப்பு 3 ஜிகாபிட் வேகம் மட்டுமே தரும் என்பதால் புதிய எஸ்எஸ்டியின் உச்ச வேகத்தில் பாதிதான் கிடைக்கும். ஆனாலும் பயனருக்கு அந்த இழப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. காரணம், அவரை வாட்டியது தரவு பாயும் வேகத்தைவிடக் காத்திருப்பு நேரம். அது இங்கே முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. பயாஸ் மின்கலத்தை மாற்றி, ப்ராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினால் அந்தக் கணினி அலுவலக வேலைக்கு இன்னும் பல ஆண்டுகள் தாங்கும்.

இந்த வழியின் பலவீனமும் அதே பலகையில்தான் இருக்கிறது. எந்த எஸ்எஸ்டியும் ப்ராசசரின் தலைமுறையை மாற்றாது. எச்61இல் பொருந்துவது இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசசர்கள் மட்டுமே. விண்டோஸ் 11 கேட்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குப் பிந்தையதை. ப்ராசசரை மாற்ற மதர்போர்டு மாற வேண்டும், மதர்போர்டு மாறினால் ராமும் மாற வேண்டும், அப்புறம் மிஞ்சுவது பெட்டியும் பவர் சப்ளையும்தான். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால் ராம் விலை ஏறியதும் இந்தக் கணக்கைக் கடினமாக்கியது. உறுப்பு மாற்றம் கணினியை வேகமாக்கும். தகுதிப் பட்டியலில் சேர்க்காது.

பாதுகாப்பு வாதமும் அதன் ஓட்டைகளும்

2021இல் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது தேவைகளின் தன்மையே மாறியது. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை எளியவை. புதிதாக நுழைந்தவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், அங்கீகரிக்கப்பட்ட ப்ராசசர் பட்டியல் ஆகிய மூன்றும்.

மைக்ரோசாஃப்ட்டின் வாதத்தை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். மறையீட்டுத் திறவுகோல்களை டிபிஎம் வன்பொருளிலேயே காக்கிறது. இயங்குதளம் எழும் முன்பே தீநிரல் புகுவதை செக்யூர் பூட் தடுக்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னலைத் தனிமைப்படுத்திக் காக்கும் நினைவக ஒருமைப்பாட்டு வசதி, அதற்கான வன்பொருள் துணை இல்லாத ப்ராசசர்களில் கணினியை மெதுவாக்குகிறது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைபாடுகளுக்கான திருத்தங்களும் பழைய ப்ராசசர்களையே கூடுதலாகப் பாதித்தன. 2021 ஆகஸ்டில் அந்நிறுவனம் ஒரு புள்ளிவிவரத்தையும் முன்வைத்தது: தேவைகளை நிறைவு செய்யாத சோதனைக் கணினிகளில் கர்னல் நிலைச் செயலிழப்பு 52 சதவீதம் அதிகம்.

ஆனால் கோடு கிழித்த இடம் இந்த வாதத்தோடு ஒட்டவில்லை. 2017இல் வாங்கிய கோர் ஐ5-7400 கணினி ஒன்றைப் பாருங்கள். புதிய கணினிகளில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே 2016 ஜூலை முதல் தயாரிப்பாளர்களிடம் கேட்டிருந்தது; ஆகவே அது பெரும்பாலும் அதில் இருக்கும். நினைவக ஒருமைப்பாட்டுக்கு வேண்டிய வன்பொருள் துணையும் அந்த ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. நான்கு கோர், 3 ஜிகாஹெர்ட்ஸ். இருந்தும் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதே ஆண்டு இறுதியில் வந்த செலரான் என்4000, இரண்டே கோர் கொண்ட மலிவு மடிக்கணினி ப்ராசசர், பட்டியலில் இருக்கிறது. பாதுகாப்பு மட்டுமே அளவுகோல் என்றால் இந்த வரிசை விளங்கவில்லை. 52 சதவீதக் கணக்கும் தெளிவைக் கூட்டவில்லை. எந்தத் தலைமுறையில் எவ்வளவு என்ற பிரிப்பு அதில் இல்லை. பழைய கணினியில் டிஸ்க்கும் டிரைவரும்கூடப் பழையவை. அவற்றின் பங்கை ப்ராசசரின் கணக்கில் எழுதிவிடவும் வாய்ப்புண்டு.

இதற்கு மாறாக, விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டு 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2 கட்டளைத் தொகுதி இல்லாத கோர் 2 டுவோ போன்ற ப்ராசசர்களில் தொடங்கவே தொடங்காது. இது உண்மையான இயலாமை. தேவையான கட்டளையே சில்லில் இல்லை. இந்த இரண்டு விலக்கையும் ஒன்றாகக் கலந்து பேசக்கூடாது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

தடையை மீறி ஏற்றுவோர்

தடை பெரும்பாலும் கணினியின் இயலாமையால் வந்ததல்ல, தயாரிப்பாளரின் அனுமதி சார்ந்தது என்று தெரிந்ததும், அதை மீறும் வழிகள் உடனே பிறந்தன. ரூஃபஸ் போன்ற கருவிகள் சோதனையை நீக்கிய நிறுவல் பென் டிரைவைத் தயாரித்துத் தருகின்றன. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றும் வழியை ஒரு கட்டத்தில் மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருந்தது, பிறகு எடுத்துவிட்டது. இப்படி ஏற்றியவற்றில் பல நன்றாகவே ஓடுகின்றன, மாதாந்தரத் திருத்தங்களும் பெரும்பாலும் வருகின்றன. ஆனால் வரும் என்ற உறுதி யாரிடமும் இல்லை. அடுத்த பெரிய பதிப்பு வரும்போது மறுபடி கையால் ஏற்ற வேண்டிவரும். விஷயம் தெரிந்தவர் தம் சொந்தக் கணினியில் இதைச் செய்துகொள்ளலாம். பள்ளி, மருத்துவமனை, தணிக்கை அலுவலகம் போன்ற இடங்களுக்கு இது தகாது.

வேறு இயங்குதளம்

லினக்ஸ் என்ற விடைக்குப் பெரிய சோதனைக் களமாக அமைந்தது ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி. அங்கும் தூண்டுகோல் இதே வகைதான்: விண்டோஸ் என்டி 4க்கான ஆதரவு முடியப்போகிறது என்ற செய்தி. 2003இல் கொள்கை முடிவு எடுத்து, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை 'லிமக்ஸ்' என்ற தம் சொந்த லினக்ஸுக்கு மாற்றினார்கள். 2017இல் நகர மன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. 2020இல் அமைந்த புதிய கூட்டணி மறுபடி திறந்த மூலத்தின் பக்கம் சாய்ந்தது. ஆதரிப்போர் இதை அரசியலால் கெட்ட வெற்றி என்கிறார்கள். எதிர்ப்போர் கோப்புப் பொருத்தமின்மையும் ஊழியர் அதிருப்தியும் நிறைந்த தோல்வி என்கிறார்கள். இரண்டிலும் உண்மையின் பகுதி உண்டு. பழைய கணினியில் லினக்ஸ் ஓடுமா என்ற கேள்வி மட்டும் அங்கே எழவே இல்லை. ஓடியது.

நம் பக்கத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கான வசதிகளோடு டெபியனை அடித்தளமாகக் கொண்டது அது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் சேர்ந்து வந்தது. இயங்குதளம் கிடைத்தது. அதைக் கொண்டு பாடம் நடத்தவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்களை அதே அளவில் உருவாக்கினோமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

லினக்ஸ் எந்தக் கணினியையும் கைவிடாது என்ற நம்பிக்கைக்கும் எல்லை இருக்கிறது. 1985இல் அறிமுகமான 386 ப்ராசசருக்கான ஆதரவை லினக்ஸ் கர்னல் 2013இல் வந்த 3.8 பதிப்பில் நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. வேறுபாடு கால அளவில் இருக்கிறது, காரணத்திலும் இருக்கிறது. அங்கே ஒரு வன்பொருள் விடைபெறுவது, அதைப் பராமரிக்க முன்வரும் ஆட்கள் தீர்ந்துபோகும்போது. முன்வர ஒருவர் இருந்தால் வழி திறந்தே இருக்கும். எச்61 போன்ற 64-பிட் கணினிக்கு 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். இன்று அதை ஏற்றுபவர் 2029 வரை கவலைப்பட வேண்டியதில்லை.

இருந்த இடத்திலேயே இருப்பது

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தோன்றும். தமிழ்நாட்டின் டிடிபி நிலையங்களில் போய்ப் பார்த்தால் வேறு நியாயம் புலப்படும். திருமண அழைப்பிதழ், கோயில் விழா நோட்டீஸ், சிற்றிதழ் எல்லாம் பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அதன் கடைசிப் பதிப்பு. யூனிகோடு அதற்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் கடையின் சொத்து. சில எழுத்துரு மென்பொருள்கள் கணினியின் பின்புறம் செருகும் வன்பூட்டோடு வந்தன. அதைச் செருகும் பேரலல் போர்ட் புதிய கணினிகளில் இல்லை. உரையை யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் உண்டு, ஆனால் பக்க அமைப்பு சிதையும், மெய்ப்பு மறுபடி பார்க்க வேண்டும். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டும் இந்தக் கடைகள் நகராததற்கு அறியாமை காரணமல்ல, மாற்றத்தின் செலவை யாரும் பகிர்ந்துகொள்ளாததே காரணம்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கும் மொத்த வியாபாரிகளின் நிலையும் இதுவே. 16-பிட் டாஸ் நிரல்கள் 32-பிட் விண்டோஸ் 10 வரை ஓடின. விண்டோஸ் 11க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ் வழியாக ஓட்டலாம், பிரிண்டரை இணைப்பதுதான் பாடு.

இவர்களுக்கு ஆபத்து எவ்வளவு? 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தாக்குதலை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் தாக்குண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவும் இருந்தது, திருத்தமும் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது, போடப்படவில்லை. ஆதரவு இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதற்காக ஆதரவில்லாமலே காலம் தள்ளலாம் என்ற முடிவுக்கும் இதிலிருந்து போக முடியாது. இணையத்தில் இணைக்காத வடிவமைப்புக் கணினி ஒன்று, வங்கிக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வேறொன்று என்று பிரிப்பது ஓரளவு காக்கும். பிரித்த பிறகும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் வழியாக நோய் வரும். தனிநபர்களுக்கு விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை, 30 டாலருக்கோ சில நிபந்தனைகளோடு இலவசமாகவோ, தரப்படுகின்றன. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இருமடங்கு. திருத்தங்களை எழுத முடியும், எழுதவும் செய்கிறார்கள் என்பதை இந்த விலைப்பட்டியலே சொல்லிவிடுகிறது.

புதியது வாங்குவதும் சூழல் கணக்கும்

எரிக் வில்லியம்ஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் ஆகிறது. வீட்டில் மூன்றாண்டு பயன்படும் மேசைக் கணினி ஒன்றின் மொத்த ஆற்றல் செலவில் 81 சதவீதம் அதன் உற்பத்தியிலேயே கழிந்துவிடுகிறது என்றது அது. பழையதைக் காப்பதே பசுமை வழி என்போருக்கு இது பெரிய ஆயுதம். ஆனால் அது குழாய்த் திரைக் காலத்துக் கணினி, வீட்டுப் பயன்பாடு.

வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழையது 70 வாட், புதிய சிறு கணினி 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் மிச்சம் 120 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பதால் ஆண்டுக்கு 84 கிலோ குறையும். புதிய கணினியின் உற்பத்தி உமிழ்வு 200 கிலோ என்றால் இரண்டரை ஆண்டுக்குள் ஈடாகிவிடும். நாளுக்கு இரண்டே மணி நேரம் ஓடும் வீட்டுக் கணினிக்கு அதே ஈடு ஒன்பது ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஆகவே 'பழையதே பசுமை' என்பதும் 'புதியதே சிக்கனம்' என்பதும் ஓடும் மணிக்கணக்கைக் கேட்காமல் சொல்லும் விடைகள். இந்தக் கணக்கில் மின்கழிவு சேரவில்லை. 2022இல் உலகில் உண்டான 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே.

திறந்திருக்கும் கேள்விகள்

பயனர் அளவில் விடை ஓரளவு தெளிவு. 64-பிட் ப்ராசசர் இருந்து, வேலை உலாவியோடும் ஆவணங்களோடும் முடியுமானால், எஸ்எஸ்டியும் லினக்ஸும் சேர்ந்த வழி வலுவானது. விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பிப் பிழைப்பவருக்கு நீட்டிக்கப்பட்ட ஆதரவும், அதற்குள் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுபோகும் திட்டமும் வேண்டும். நாள் முழுதும் ஓடும் மிகப் பழைய கணினியை மாற்றுவதில் தவறில்லை.

கொள்கை அளவில் அப்படித் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ப்ராசசர் பட்டியலின் எல்லை எந்தத் தரவின் மேல் போடப்பட்டது என்பது பொதுவில் இல்லை. ஆதரவு முடிந்த, ஆனால் கவனமாகப் பயன்படுத்தப்படும் கணினிகள் உண்மையில் எவ்வளவு தாக்கப்படுகின்றன என்பதற்கும் நம்பத்தக்க ஒப்பீடு தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் பின்னடைவுத் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டியிருக்கும். பத்தாண்டு தந்த விண்டோஸ் 10 விவகாரத்தை அது தொட்டிருக்கவே முடியாது. இந்தியாவில் 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளம் உதிரிபாகத்தையும் கையேட்டையும் பேசுகிறது. மென்பொருள் ஆதரவின் ஆயுளை ஓர் உதிரிபாகமாகக் கருத வேண்டுமா என்ற விவாதம் இங்கே இன்னும் சூடுபிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும் அரசுத் துறைகள், விற்ற நாளிலிருந்து எத்தனை ஆண்டு இயங்குதள ஆதரவு தொடரும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிக் கேட்டால், விற்பவர்கள் என்ன விலை சொல்வார்கள் என்பதையாவது தெரிந்துகொள்ளலாம்.